சஃபாரிக்கு இஎம்ஐ கட்டுறதுக்கு முன்னாடி, வேலி இருக்கான்னு கேளுங்க

ஆறு இரவு, ஏழு பகல், தென்னாப்பிரிக்கா சஃபாரி, சிங்கம் நிச்சயம், ஈஸி இஎம்ஐ. இப்படி ஒரு விளம்பரம் உங்க ஃபோனுக்கும் வந்திருக்கும். அப்ரைசல் முடிஞ்சு போனஸ் வர்ற மாசத்தில் இன்னும் கூடுதலா வரும். அதில் எல்லாரும் விலையைப் பார்க்கிறாங்க. நான் பார்க்கச் சொல்றது "நிச்சயம்" என்கிற வார்த்தையை. காட்டில் ஒரு சிங்கம் உங்க லீவு நாளைப் பார்த்து நிச்சயமா வந்து நிக்கும்னா, அதுக்கு யாரோ ஒரு ஏற்பாடு பண்ணியிருக்கணும். அந்த ஏற்பாடுதான் வேலி.

என் கருத்தை முதல்லயே சொல்லிடறேன். சின்ன வேலிக்குள்ள இருக்கிற விலங்கைப் பார்க்க லட்சக்கணக்கில், அதுவும் கடன் வாங்கிச் செலவு பண்றது மோசமான டீல். வேலி இல்லாத இடத்துக்குப் போங்க. முதல் தடவைன்னா அது ஆப்பிரிக்காவா இருக்க வேண்டிய அவசியமே இல்லை, அரியலூர் ஸ்டேஷனில் இறங்கினாலே போதும். ஏன்னு சொல்றதுக்குக் கொஞ்சம் சுத்தி வரணும். ஏன்னா இந்த வேலிக் கணக்கு நல்லாப் புரியறது டூரிஸ்ட் பேக்கேஜில் இல்லை, வேட்டைக்காரங்க கட்டுற பில்லில்.

நம்ம நாட்டில் 1972ஆம் வருஷ வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்துக்கு அப்புறம் பொழுதுபோக்குக்கு வேட்டையாடறது குற்றம். தென்னாப்பிரிக்கா, நமீபியா, ஜிம்பாப்வே மாதிரி நாடுகளில் அது லைசென்ஸ் உள்ள தொழில். அமெரிக்கா, ஐரோப்பாவில் இருந்து ஆட்கள் வந்து காசு கட்டிச் சுடறாங்க. பில் ரெண்டு பகுதியா வரும். ஒண்ணு, நாள் வாடகை: தங்கறது, சாப்பாடு, வழிகாட்டி, வண்டி எல்லாம் சேர்த்து. இன்னொண்ணு ட்ராஃபி ஃபீ: எந்த விலங்கைச் சுட்டீங்களோ அதுக்கான விலை. இம்பாலா மானுக்கு ஒரு ரேட், குடுவுக்கு ஒரு ரேட், எருமைக்கு ஒரு ரேட்னு ஹோட்டல் மெனு மாதிரி அச்சடிச்சு வெச்சிருப்பாங்க. குண்டு பட்டு விலங்கு தப்பி ஓடிட்டாலும் பெரும்பாலான இடங்களில் ஃபீயைக் கட்டித்தான் ஆகணும்.

இதில்தான் ரெண்டு வகை வருது. வேலி இல்லாத பெரிய நிலத்தில் வேட்டைன்னா பத்து நாள் தடம் பார்த்து நடந்துட்டு வெறுங்கையோட திரும்பலாம். நாள் வாடகை போனது போனதுதான். வேலி போட்ட பண்ணையில் அந்தப் பேச்சே இல்லை. ரெண்டு மீட்டருக்கு மேல் உயரமான கம்பி வேலி, உள்ளே எந்த விலங்கு எத்தனை இருக்குன்னு ஓனருக்குத் தெரியும். மூணு நாலு நாளில் வேலை முடிஞ்சிடும். சில இடங்களில் வேட்டைக்காரர் வர்றதுக்குக் கொஞ்ச நாள் முன்னாடிதான் விலங்கையே கொண்டுவந்து இறக்கி விடறாங்க.

மேலோட்டமாப் பார்த்தா இது எஃப்டிக்கும் ஷேர் மார்க்கெட்டுக்கும் உள்ள வித்தியாசம் மாதிரி தெரியும். ஒண்ணில் ரிஸ்க் இல்லை, இன்னொண்ணில் ரிஸ்க். ஆனா அந்த ஒப்பீடு பாதி வழியில் உடைஞ்சிடும். எஃப்டியில் ரிஸ்க்கைக் குறைச்சா உங்க அசல் பத்திரமா இருக்கு. வேட்டையில் ரிஸ்க்கை எடுத்துட்டா அசலே காணாமப் போயிடுது, ஏன்னா அங்க விற்கப்படற பொருளே அந்த நிச்சயமில்லாத தன்மைதான். இதை நான் மட்டும் சொல்லல. 1887இல் தியோடர் ரூஸ்வெல்ட் கூட்டு சேர்ந்து தொடங்கின அமெரிக்காவின் பூன் அண்ட் க்ராக்கெட் கிளப், தப்ப முடியாத வேலிக்குள்ள சுட்ட விலங்கைத் தன் சாதனைப் பதிவேட்டில் சேர்க்கறதே இல்லை. வேட்டைக்காரங்களே மதிக்காத சரக்கு அது.

வேலி எதுக்குன்னா, பத்திரத்துக்கு

அப்ப ஏன் தென்னாப்பிரிக்காவில் இவ்வளவு வேலி? 1991இல் அங்கே ஒரு சட்டம் வந்தது, வன விலங்குத் திருட்டுச் சட்டம்னு பேர். உங்க நிலத்தைச் சரியா வேலி கட்டி அடைச்சிருந்தா, உள்ளே இருக்கிற காட்டு விலங்கு உங்க சொத்து. அது தப்பி வெளியே போனாலும் உங்களோடதுதான். நம்ம ஊரில் பட்டா மாதிரி, அங்கே விலங்குக்குப் பட்டா வேலி. அதுக்கப்புறம் மாட்டுப் பண்ணை வெச்சிருந்தவங்க வரிசையா மான் பண்ணைக்கு மாறினாங்க. இன்னைக்குக் கிட்டத்தட்ட 9,000 தனியார் வனவிலங்குப் பண்ணைகள் இருக்குன்னு சொல்றாங்க.

சொத்துன்னு ஆனதும் அடுத்து என்ன நடக்கும்? நமக்குத் தெரியாததா. ஊகம் பண்ண ஆரம்பிச்சாங்க. பெரிய கொம்பு எருமை, நிறம் மாறின மான் எல்லாம் ஏலத்துக்கு வந்தது. 2016இல் ஹொரைசன்னு ஒரு காட்டெருமைக் காளையில் 25 சதவீதப் பங்கு மட்டும் 4.4 கோடி ராண்டுக்குப் போச்சு. அதாவது முழு எருமையின் மதிப்பு 17.6 கோடி ராண்ட். ஒரு எருமைக்கு. வாங்கினவங்கள்ல பெரும்பாலானவங்க அதைச் சுடறதுக்காக வாங்கல, குட்டி போட்டு அடுத்தவனுக்கு விக்கறதுக்காக வாங்கினாங்க. அடுத்தவன் அதுக்கடுத்தவனுக்கு விக்கணும். அந்த வருஷத்துக்கு அப்புறம் நிறம் மாறின விலங்குகளோட விலை பொத்துன்னு விழுந்தது.

இதைப் படிக்கும்போது உங்களுக்குப் பெருந்துறை ஞாபகம் வரலைன்னா உங்க அப்பாகிட்ட கேளுங்க. 2012இல் சுசி ஈமு நிறுவனம் கவிழ்ந்தப்போ இதே கதைதான். ஒரு காட்டுப் பறவை, ஒரு வேலி, மாசாமாசம் நிச்சய வருமானம், சினிமா நடிகர்களை வெச்சு டிவி விளம்பரம். கறி எங்கே விக்குது, யார் வாங்கறாங்கன்னு யாரும் கேக்கல. கடைசியில் முதலீட்டாளர்கள் கலெக்டர் ஆபீஸ் வாசலில் நின்னாங்க, தீவனம் இல்லாத பறவைகளுக்கு அரசு தீவனம் போட வேண்டி வந்துச்சு. விலங்கு வேற, கண்டம் வேற. புதுசா வர்றவன் பணம்தான் பழையவனோட லாபம் என்கிற கணக்கு மட்டும் ஒண்ணு.

குட்டியோட செல்ஃபி

இப்ப நீங்க கேக்கலாம்: நான் சுடப் போறதில்லையே, கேமராதானே எடுத்துட்டுப் போறேன், எனக்கு இதெல்லாம் எதுக்குன்னு. நியாயமான கேள்விதான். இங்கதான் உங்க பணம் உள்ளே வருது.

பல பேக்கேஜில் ஜோகன்னஸ்பர்க் பக்கத்தில் ஒரு நாள் "சிங்கக் குட்டியைத் தூக்கிக் கொஞ்சலாம்", "சிங்கத்தோட நடக்கலாம்"னு ஒரு ஐட்டம் இருக்கும். இன்ஸ்டாவில் லைக் அள்ளும். அந்தக் குட்டி எங்கிருந்து வந்தது? பிறந்த சில நாளிலேயே தாய்கிட்ட இருந்து பிரிச்சு எடுத்தது. தாய் சீக்கிரம் அடுத்த ஈத்துக்குத் தயாராகணும், அதுக்குத்தான். குட்டி சின்னதா இருக்கும்போது கொஞ்சறதுக்குக் கட்டணம். கொஞ்சம் வளர்ந்ததும் கூட நடக்கறதுக்குக் கட்டணம். பிடரி முளைச்சதும் வேலிக்குள்ள வேட்டைக்காரருக்கு ட்ராஃபி ஃபீ. செத்ததுக்கு அப்புறம் எலும்பு ஆசிய நாடுகளுக்கு ஏற்றுமதி. தென்னாப்பிரிக்க அரசே 2017இல் 800 சிங்க எலும்புக்கூடுகளுக்கு ஏற்றுமதி கோட்டா கொடுத்தது. 2018இல் அதை 1,500ஆக உயர்த்தப் பார்த்தது. 2019இல் அங்கே ஹைகோர்ட் அந்தக் கோட்டாக்கள் சட்டப்படி செல்லாதுன்னு தீர்ப்பு சொன்னது. 2021இல் சுற்றுச்சூழல் அமைச்சர் பார்பரா க்ரீசி இந்தப் பண்ணைத் தொழிலை முடிவுக்குக் கொண்டு வரப்போறோம்னு அறிவிச்சார். அறிவிப்பு வந்த வேகத்தில் பண்ணைகள் காலியாகல. கூண்டிலும் வேலியிலும் வளரும் சிங்கம் சுமார் 8,000னு பொதுவாச் சொல்ற கணக்கு.

ஒரே விலங்கில் நாலு தடவை வருமானம். அதில் முதல் ரெண்டு தவணையைக் கட்டறது வேட்டைக்காரன் இல்லை, உங்களையும் என்னையும் மாதிரி டூரிஸ்ட். விலங்குமேல பாசம் உள்ளவங்கதான் அந்தக் குட்டியைத் தூக்கப் போறாங்க என்பதுதான் இதில் கொடுமை. உங்க பேக்கேஜில் அந்த ஒரு நாள் இருந்தா எடுக்கச் சொல்லுங்க. எடுக்க முடியாதுன்னா பேக்கேஜையே விட்டுடுங்க.

வேலி இல்லாத பக்கம் எல்லாம் சுத்தம்னு சொல்ல வரல. 2015 ஜூலையில் ஜிம்பாப்வேயில் செத்த செசில் சிங்கம் எந்தப் பண்ணையிலும் இல்லை, ஹ்வாங்கே தேசியப் பூங்காவில் சுதந்திரமா இருந்தது. இரை வெச்சுப் பூங்கா எல்லைக்கு வெளியே இழுத்து, ஒரு அமெரிக்கப் பல் டாக்டர் அம்பு விட்டார். சுமார் 50,000 டாலர் கொடுத்தாருன்னு செய்தி. உலகமே திட்டித் தீர்த்தது.

அதே சமயம் வேலி இல்லாத விலங்குக்கு யார் வாடகை கொடுக்கறாங்கன்னும் ஒரு கேள்வி இருக்கு. சென்னையில் இருந்துக்கிட்டு காட்டு விலங்கு சுதந்திரமாத் திரியட்டும்னு சொல்றது ஈஸி. பெரம்பலூரில் மக்காச்சோளம் போட்டவர்கிட்ட போய்ச் சொல்லிப் பாருங்க. கதிர் முத்தற நேரத்தில் ராத்திரி ஒரு காட்டுப்பன்றிக் கூட்டம் இறங்கினா, அந்த வாடகையைக் கட்டறவர் அவர்தான். காப்புக்காடு எல்லையில் இருந்து 3 கிலோமீட்டருக்கு அப்பால் வர்ற காட்டுப்பன்றியை வனத்துறையே சுடலாம்னு 2025 ஜனவரியில் தமிழ்நாடு அரசு முடிவெடுத்ததுக்குப் பின்னால் இருக்கிறது இந்த வாடகைதான். நமீபியா இதுக்கு வேற வழி பார்த்தது. 1996இல் சட்டம் திருத்தி, கிராமங்கள் சேர்ந்து அமைக்கிற பாதுகாப்பு மன்றங்களுக்கு விலங்கு மேல உரிமை கொடுத்தது. சுற்றுலா வருமானமும், வேட்டைக் கட்டணமும், கறியும் ஊருக்கே. எனக்கு வேட்டை பிடிக்காது. ஆனா யானை மிதிச்ச வயலுக்குச் சொந்தக்காரனுக்கு யானையால ஒரு வருமானமும் வரணும்கிற அந்தக் கணக்கில் நேர்மை இருக்கு.

கரைவெட்டி

சரி, நம்ம ஊருக்கு வருவோம். அரியலூர் மாவட்டம், கீழப்பழுவூர் பக்கம் கரைவெட்டி ஏரி. சுமார் 454 ஹெக்டேர். 1999இல் பறவைகள் சரணாலயம் ஆச்சு. 2024 ஜனவரியில் நீலகிரியின் லாங்வுட் சோலையோட சேர்த்து ராம்சார் பட்டியலில் இடம் பிடிச்சது. அடிப்படையில் அது ஒரு பாசன ஏரி. புள்ளம்பாடி வாய்க்கால் வழியா வர்ற காவிரித் தண்ணியும், வடகிழக்குப் பருவமழையும்தான் அதை நிரப்புது. கரையில் நின்னா ஒரு பக்கம் பறவை, இன்னொரு பக்கம் நெல்வயல்.

அங்கே குளிர்காலத்தில் வரித்தலை வாத்து வருது. மங்கோலியா, திபெத் பக்கம் முட்டையிட்டுக் குஞ்சு பொரிச்சிட்டு, இமயமலையைத் தாண்டிப் பறந்து அரியலூர் மாவட்டத்துக்கு வந்து இறங்குற பறவை. தலையில் ரெண்டு கறுப்புப் பட்டை இருக்கும், அதை வெச்சு அடையாளம் கண்டுபிடிச்சிடலாம். வேலி இல்லாத விலங்குக்கு இதைவிடப் பெரிய உதாரணம் ஆப்பிரிக்காவிலேயே தேடணும். அதை எந்தச் சட்டத்தாலும் ஒருத்தர் பேரில் பட்டா போட முடியாது. எத்தனையோ நாட்டு எல்லையைத் தாண்டி வர்ற ஒண்ணுக்கு எங்கே கம்பி கட்டுவீங்க?

ஆனா உத்தரவாதம் கிடையாது. மேட்டூரில் தண்ணி குறைஞ்சு, மழையும் பொய்ச்ச வருஷம் ஏரி வறண்டுடும், பறவை குறைஞ்சுடும். நீங்க போற அன்னைக்கு வாத்துக் கூட்டம் அக்கரையில் புள்ளியாத் தெரியலாம், பைனாகுலர் இல்லைன்னா ஒண்ணும் தெரியாமலும் போகலாம். பரவாயில்லை. நஷ்டம் என்ன? சென்னையில் இருந்து வைகையிலோ பல்லவனிலோ அரியலூருக்கு ஒரு டிக்கெட், அங்கிருந்து பஸ் இல்லைன்னா ஒரு வாடகை வண்டி, மதியச் சாப்பாடு. ஆபீஸ் நண்பர்களோட ஒரு நைட் வெளியே போற செலவுக்குள்ள அடங்கிடும். பார்க்காம திரும்பினா அடுத்த மாசம் இன்னொரு தடவை போகலாம். ரிஸ்க் எடுக்கறதுன்னா இப்படி எடுக்கணும், தோத்தாலும் மறுபடி ஆட முடியற அளவுக்கு.

ஒரு சின்ன இடைச்செருகல். வேலியே கூடாதுன்னு நான் சொல்லல. அதே பயணத்தில் பெரம்பலூர் பக்கம் சாத்தனூர் கல்மரத்தையும் பாருங்க. 18 மீட்டர் நீளத்துக்குக் கல்லாப் போன மரம், சுமார் 12 கோடி வருஷப் பழசு, இந்தியப் புவியியல் ஆய்வுத்துறை வேலி போட்டுப் பாதுகாக்குது. அந்த வேலி இல்லைன்னா இன்னைக்கு அது ஆளுக்கொரு துண்டா ஷோகேஸில் இருந்திருக்கும். பறந்து தப்பிக்க முடியாததுக்கு வேலி வேணும். காரை பக்கம் ஓடைகளில் புதைபடிவம் பொறுக்கி வீட்டுக்கு எடுத்துட்டு வர்றவங்களும் ஒருவகை ட்ராஃபி வேட்டைக்காரங்கதான், கட்டணம் கட்டாத வேட்டைக்காரங்க.

ஆப்பிரிக்காவுக்குப் போகத்தான் போறேன்னா

போங்க. நான் தடுக்கல. கணக்கை மட்டும் பாருங்க.

ஒரு பேச்சுக்கு செலவு 3.5 லட்சம்னு வெச்சுக்குவோம். 14 சதவீத வட்டியில் மூணு வருஷ பர்சனல் லோன் போட்டா மாசம் சுமார் 11,960 ரூபாய். வட்டி மட்டும் 80,000 ரூபாய்க்கு மேல். அதையே திருப்பிப் போடுங்க. மாசம் 11,000 ரூபாய் ஒரு ஆர்டியில், 6.5 சதவீதத்தில், முப்பது மாசம் போட்டா 3.55 லட்சத்துக்கு மேல் கையில் இருக்கும். அதாவது மாசாமாசம் குறைவாக் கட்டி, ஆறு மாசம் முன்னாடியே முடிச்சிடறீங்க. ஒரே வித்தியாசம், காத்திருந்து போறீங்க. டிக்கெட் விலை அதுக்குள்ள ஏறாதான்னு கேட்டா, ஏறலாம். அந்த 80,000 ரூபாய் அளவுக்கு ஏறினாலும் உங்களுக்கு நஷ்டம் இல்லை.

அடுத்தது டிசிஎஸ். வெளிநாட்டு டூர் பேக்கேஜ் வாங்கினா டிசிஎஸ் கூடுதலா வசூல் பண்ணுவாங்க; 2025-26 நிதியாண்டில் அது 10 லட்சம் வரைக்கும் 5 சதவீதம், அதுக்கு மேல் 20 சதவீதமா இருந்தது. அந்த விகிதத்தில் 3.5 லட்சத்துக்கு 17,500 ரூபாய். இது செலவு இல்லை, உங்க பேன் நம்பரில் வரியா வரவு வைக்கப்படற பணம். அது வரவாகியிருக்கான்னு பார்த்து ரிட்டர்னில் கழிச்சுக்கலாம். சம்பளக்காரங்களுக்கு இன்னொரு வசதி 2024 அக்டோபரில் வந்தது: அதுக்கான படிவத்தை ஆபீஸில் கொடுத்தா, இந்த டிசிஎஸ்ஸைக் கணக்கில் எடுத்துச் சம்பளத்தில் பிடிக்கிற டிடிஎஸ்ஸைக் குறைப்பாங்க. ரீஃபண்டுக்காக அடுத்த வருஷம் வரை காத்திருக்க வேண்டாம். நிறையப் பேர் இதைக் கேக்கறதே இல்லை. விகிதம் பட்ஜெட்டுக்கு பட்ஜெட் மாறுது, அதனால பணம் கட்டற அன்னைக்கு என்ன விகிதம்னு பார்த்துடுங்க.

எல்டிஏ ஆப்பிரிக்காவுக்குச் செல்லாது, இந்தியாவுக்குள்ள போற பயணத்துக்கு மட்டும்தான். அதுவும் பழைய வரி முறையில் இருக்கிறவங்களுக்கு, நாலு வருஷ பிளாக்கில் ரெண்டு தடவை, டிக்கெட் செலவுக்கு மட்டும். லீவு போட்டு அரியலூருக்கு ட்ரெயினில் போனா கிளைம் பண்ணலாம். தொகை சின்னதுதான், அதனால பெரிய பயணம் இருந்தா அதுக்கு வெச்சுக்கோங்க.

இடத்தைப் பத்தி: புக் பண்றதுக்கு முன்னாடி ஏஜென்ட்டிடம் ரிசர்வ் எத்தனை ஹெக்டேர்னு கேளுங்க. ஏன்னா நேர்மையாச் சொல்லணும்னா, க்ரூகர் தேசியப் பூங்காவுக்கும் வேலி இருக்கு, நமீபியாவின் எட்டோஷாவுக்கும் இருக்கு. ஆனா க்ரூகர் கிட்டத்தட்ட 19,500 சதுர கிலோமீட்டர். பெரம்பலூர், அரியலூர் ரெண்டு மாவட்டத்தையும் சேர்த்தாலும் 4,000 சதுர கிலோமீட்டர் வராது. அப்படி ஐந்து மடங்கு. அந்த அளவில் வேலி இருக்கறதே விலங்குக்குத் தெரியாது, உங்களுக்கும் தெரியாது. கேப் டவுன் பக்கத்தில் சில ஆயிரம் ஹெக்டேரில் இருக்கிற தனியார் ரிசர்வில் நிலைமை வேற, காலையில் பார்த்த அதே சிங்கக் குடும்பத்தைச் சாயங்காலமும் காட்டுவாங்க. அங்கே ரூம் வாடகை மட்டும் பெரிய காட்டு விலை. தனியார் லாட்ஜில்தான் தங்கணும்னு ஆசைன்னா, க்ரூகரின் மேற்கு எல்லையில் சாபி சாண்ட் மாதிரி இடங்களைப் பாருங்க. 1990களில் நடுவில் இருந்த வேலியைப் பிரிச்சு எடுத்துட்டாங்க, விலங்கு ரெண்டு பக்கமும் போகும் வரும். விலை கண்ணைக் கட்டும், அது வேற விஷயம்.

பட்ஜெட் ஆளுங்களுக்கு என் சாய்ஸ் க்ரூகரிலோ எட்டோஷாவிலோ சொந்தமா வண்டி ஓட்டிப் பார்க்கறது. நாலு பேர் சேர்ந்து கார் வாடகைக்கு எடுத்து, பூங்கா நிர்வாகம் நடத்தற முகாமில் தங்கினா, பேக்கேஜ் கம்பெனியின் லாபம் உங்க பாக்கெட்டில் நிக்கும். ஒரு முழு நாள் ஓட்டியும் சிங்கம் கண்ணில் படாம போகலாம். அதனால மூணு நாளாவது அங்கேயே தங்கற மாதிரி திட்டம் போடுங்க, ரெண்டு நகரத்தைக் குறைச்சுக்கோங்க.

கரைவெட்டிக்கு டிசம்பர் கடைசியில் இருந்து பிப்ரவரி வரை நல்ல நேரம். கிளம்பறதுக்கு முன்னாடி ஏரியில் தண்ணி இருக்கான்னு ஊர்ப்பக்கம் யாரையாவது கேட்டுக்கோங்க. வெயில் ஏறுறதுக்குள்ள கரையில் இருக்கணும். அதனால முதல் நாள் ராத்திரியே அரியலூரிலோ தஞ்சாவூரிலோ தங்கிடறது நல்லது. பைனாகுலரைக் கடன் கேளுங்க, வாங்க வேண்டாம்.